நாலு தடவை அச்சடித்த பட்டியல்

அத்தியாயம் 7

ஜெனரல் மேனேஜரின் அறையில் ஆறு நாற்காலிகள் இருந்தன. ஒன்றில்கூட உட்காரச் சொல்லவில்லை.

"ரிப்போர்ட்டை நாங்களே ரெடி பண்ணிட்டோம். நீங்க கையெழுத்து போட்டா போதும்" என்றார் ஜி.எம். நாராயணப்பன்.

சம்பங்கி மேஜை மேலிருந்த தாளை எட்டிப் பார்த்தான். 'ஜோதி துப்பறியும் நிலையம், பாகலூர் ரோடு, ஓசூர்' என்று மேலே அச்சாகியிருந்தது. அவர்களுடைய சொந்த லெட்டர்ஹெட்டைவிட இது நல்ல காகிதம். விசாரணை, கண்டுபிடிப்பு, முடிவு, தேதி எல்லாம் தயார். துப்பறிய வேண்டியது ஒன்றுதான் பாக்கி.

"தாலி கட்டின அப்பறம் பொண்ணு பாக்கக் கூப்பிட்டிருக்காங்கக்கா" என்று பக்கத்தில் நின்றவளின் காதில் ஓதினான்.

ஜோதியம்மாள் சிரிக்கவில்லை. இருபத்திநாலு வருஷம் ஓசூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் கால் போட்டுக் கொடுத்தவள் அவள். ஊரிலுள்ள பொய்யெல்லாம் அவள் காது வழியாகத்தான் பெங்களூர் போயிருக்கிறது. விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்ததும், சும்மா கேட்டதையே தொழிலாக்கிக்கொண்டாள். சம்பங்கி லாரி புக்கிங் ஆபீசில் பத்து வருஷம் இருந்தவன். அங்கிருந்து அவன் கொண்டுவந்த ஒரே சொத்து வாய்.

"ரெண்டு மணி ஆகுது. நாலு மணிக்குத்தானே என்கொயரி? அதுக்குள்ள ஒரு சுத்து பாத்துட்டு வந்து கையெழுத்து போடறேன் சார்" என்றாள் ஜோதியம்மாள்.

"பாக்கறதுக்கு ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லாததைப் பாக்க ரெண்டு மணி நேரம் போதும்."

நாராயணப்பனின் முகம் இறுகியது. நாகரசம்பட்டி மாந்தோப்புக்காரரின் மகன். அமெரிக்காவில் பதினோரு நாள் இருந்துவிட்டு வந்தவர். அந்தப் பதினோரு நாளும் அவருடைய பெயர்ப்பலகையில் ஒரு முழு வரியை அடைத்துக்கொண்டிருந்தன.

வழக்கு இதுதான். சிப்காட்டில் லாரிக்கு கியர்பாக்ஸ் மூடி வார்க்கிற இந்தக் கம்பெனியில், உபரி ஆட்கள் என்று நாற்பத்திரண்டு நிரந்தரத் தொழிலாளிகளின் பெயர்ப்பட்டியல் ஒன்று ரகசியமாகத் தயாரானது. செவ்வாய்க்கிழமை மத்தியானம் அது கேட்டில் ஒட்டியிருந்தது. கேன்டீனிலும் ஒட்டியிருந்தது. சைக்கிள் ஸ்டாண்டிலும், டைம் ஆபீசிலும்கூட. ஒரு மணி நேரத்தில் உலை அணைந்தது. இன்று வெள்ளிக்கிழமை. நானூறு பேர் கேட்டுக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறார்கள். குமாஸ்தாக்களும் இன்று காலையில் எழுந்து போய் அவர்களோடு சேர்ந்துகொண்டார்கள்.

பட்டியலைத் திருடி அச்சடித்தது டைப்பிஸ்ட் முனிலட்சுமி என்றது நிர்வாகம். கம்ப்யூட்டர் பதிவில் அவள் பெயர் இருந்தது. பட்டியலில் பதினேழாவது பெயர் அவளுடைய அண்ணன் கங்கப்பன். இதற்கு மேல் என்ன வேண்டும்? புதன்கிழமை சஸ்பெண்ட். இன்று நாலு மணிக்கு கிருஷ்ணகிரியிலிருந்து வக்கீல் வந்து விசாரித்து, டிஸ்மிஸ் என்று எழுதுவார். அதன் பிறகு போலீஸ் ஸ்டேஷன். 'வெளியாள் துப்பறிந்து சொன்னது' என்று லேபர் ஆபீசரிடம் காட்ட ஒரு கையெழுத்து குறைந்தது. அதற்குத்தான் ஜோதியம்மாள்.

*

சர்வர் ரூம் வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார் சிஸ்டம்ஸ் மேனேஜர் கோவிந்தன். உள்ளே ஏ.சி. குளிரில், சந்தனமும் குங்குமமும் வைத்து, பழுப்பு நிறத்தில் ஒரு பெட்டி வீற்றிருந்தது.

"அர்ச்சனைத் தட்டு கொண்டு வரலியே சார்" என்றான் சம்பங்கி.

கோவிந்தன் அவனைப் பார்க்கவே இல்லை. "இது பிரின்ட் சர்வர். ஆபீஸ்ல யாரு என்ன அச்சடிச்சாலும் இது வழியாத்தான் பிரின்டருக்குப் போகணும். போறது ஒவ்வொண்ணும் லாக்ல பதிவாகும். சாதாரணமா எர்ரர் வந்தா மட்டும் பதியற மாதிரி வெப்பாங்க. நான் எர்ரர், வார்னிங், இன்ஃபர்மேஷன், மூணு கட்டத்துலயும் டிக் போட்டு வெச்சிருக்கேன். ஓசூர்ல இப்படி செட் பண்ணினது நான் ஒருத்தன்தான்."

"எதுக்கு சார்?"

"தப்பு பண்றவன் மாட்டணும். மனுஷன் பொய் சொல்லுவான். லாக் சொல்லாது."

ஒரு தாளை நீட்டினார். ஒரே ஒரு பக்கம். செவ்வாய்க்கிழமை, பதினொன்று பன்னிரண்டு. 'பட்டியல்' என்ற ஃபைல். அச்சடித்தவர் முனிலட்சுமி. பிரின்டர், கேட். அடுத்த வரி பதினொன்று பதிமூன்று. அதே ஃபைல், அதே பெயர், அதே கேட். பதினொன்று பதினாலு. பதினொன்று பதினாறு.

"நாலு காப்பி. கேட்ல எடுத்துக்க ஆள் ரெடியா நின்னிருக்கான்" என்றார் கோவிந்தன்.

ஜோதியம்மாள் அந்த நாலு வரியையே வெகுநேரம் பார்த்தாள். "நாலு காப்பி வேணும்னா, நாலுன்னு ஒரே தடவையா கேக்க முடியாதுங்களா?"

"முடியும். அதுக்கு ஒரு கட்டம் இருக்கு."

"டைப்பிஸ்டுக்கு அது தெரியாதா?"

"அவளுக்குத்தான் நல்லாத் தெரியும்." சொன்ன பிறகுதான் அதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று அவருக்குப் பட்டது போலிருந்தது. கண்ணாடியைத் துடைத்தார்.

"செவ்வாய்க்கிழமை முழுசும் வேணும் சார். காலையிலருந்து சாயந்திரம் வரைக்கும்."

"அது தேவையில்லை."

"லாக் பொய் சொல்லாதுன்னீங்க. ஒரு பக்கம் மட்டும் பேச விட்டா அதுக்கே கோவம் வருமே."

கோவிந்தன் விசைப்பலகையைத் தட்டினார், ஒவ்வொரு எழுத்தும் அவர் சட்டைப்பையிலிருந்து போகிற மாதிரி. ஏழு பக்கம் வந்தது. சம்பங்கி முதல் பக்கத்தை உரக்கப் படிக்கத் தொடங்கினான். உலை ரிப்போர்ட், முனிலட்சுமி. உற்பத்தி மேனேஜர் லீவ் லெட்டர், முனிலட்சுமி. யாரோ ஒருத்தரின் மகள் ஜாதகம், முனிலட்சுமி. ஜி.எம்.மின் ரோட்டரி கிளப் பேச்சு, முனிலட்சுமி.

"அக்கா, இந்தக் கம்பெனியில ஒரே ஒரு பொம்பளதான் வேலை செய்யுது. நாப்பத்திரண்டு பேரை எடுக்கறதுக்குப் பதிலா மத்தவங்க அத்தனை பேரையும் எடுத்துடலாம்."

ஜோதியம்மாள் இரண்டு வரிகளின் மேல் விரல் வைத்தாள். அவற்றில் மட்டும் வேறு பெயர். பத்து நாற்பத்தேழு, ஜி.எம். பிரின்டரின் செட்டிங் மாற்றப்பட்டது, கோவிந்தன். பதினொன்று முப்பத்தைந்து, ஜி.எம். பிரின்டரின் செட்டிங் மாற்றப்பட்டது, கோவிந்தன்.

"இது என்னங்க?"

"மெயின்டனன்ஸ்."

"ஒரு மணி நேரத்துல ரெண்டு தடவை?"

"உங்களுக்குச் சொன்னாப் புரியாது" என்றார் கோவிந்தன். குளிரறையில் அவர் மேலுதடு வியர்த்திருந்தது.

*

முனிலட்சுமி கேட்டுக்கு வெளியே, கூட்டத்திலிருந்து தள்ளி, வேப்பமரத்தடியில் தனியாக உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதிருக்கும். மடியில் டிபன் டப்பா. சாப்பிட்டிருக்கவில்லை.

"நீங்க அவங்க ஆளு. உங்ககிட்ட பேச எனக்கு ஒண்ணும் இல்ல" என்றாள்.

"ஆமாம்மா, அவங்க ஆளுதான். ரிப்போர்ட்டே அவங்க எழுதிட்டாங்க. எங்களுக்குப் பொழுது போகல, அதான் வந்தோம்" என்றான் சம்பங்கி.

அவள் முகம் இளகவில்லை. ஆனால் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒரே ஒரு கேள்வி" என்றாள் ஜோதியம்மாள். "ஜி.எம். ரோட்டரி பேச்சை நீயா அடிச்சே?"

"நான் எதுக்கு அடிக்கறேன்? அவரே ஒத்த விரல்ல தட்டித் தட்டி எழுதினாரு. யாரும் பாக்கக் கூடாதாம்."

"உன் பேரு இருக்குதே."

"எல்லாத்துலயும் என் பேருதாங்க இருக்கும்." அவள் குரலில் மூன்று நாள் கசப்பு இருந்தது. "காலையில எட்டரைக்கு நான்தான் முதல்ல வருவேன். பதினோரு மெஷினையும் நான்தான் தொறந்து வெக்கணும். ஒவ்வொருத்தருக்கும் தனிப் பேரு, தனி பாஸ்வேர்டு குடுத்தாரு கோவிந்தன் சார். ரெண்டு நாள் கூட ஓடல. ஆபீசருங்க வந்து உக்காந்து, பேரு அடிச்சு, பாஸ்வேர்டு அடிச்சு, அது தப்புன்னு மெஷின் சொல்லி... ப்யூன் முன்னாடி அசிங்கமா இருக்குதுன்னாங்க. பூட்டைத் தொறக்கறது வாட்ச்மேன் வேலை, நாம எதுக்குப் பண்றதுன்னு ஜி.எம். சொன்னாரு. அன்னிலருந்து எல்லா மெஷினும் என் பேருலதான் தொறக்கும்."

"ஜி.எம். மெஷினும்?"

"மொதல்ல அதுதான். சாமி படத்துக்கு ஊதுபத்தி வெச்சிட்டு அதைத் தொறப்பேன்."

"இதை அவங்ககிட்ட சொன்னியா?"

"சொன்னேன். அப்ப எந்த மெஷின்ல வேணாலும் உக்காந்து நீ அடிச்சிருக்கலாமேன்னாங்க."

அந்தப் பதிவு எதையும் நிரூபிக்காது, உண்மைதான். ஆனால் எதையும் மறுக்கவும் செய்யாது. பதினொன்று பன்னிரண்டுக்கு அவள் ஆபீசில்தான் இருந்தாள். நாலு மணிக்கு இன்னும் ஐம்பது நிமிஷம்.

"நாலு போர்டுல ஒட்டினது யாருன்னு தெரிஞ்சாப் போதும்" என்றாள் ஜோதியம்மாள். "கேட்ல போய்க் கேப்போம் வா சம்பங்கி."

"இவ்வளவு பெரிய ஆளுங்க மூணு நாளா தேடறாங்க. கேட்ல கேட்டிருக்க மாட்டாங்களா?" என்றாள் முனிலட்சுமி.

"ஜி.எம். வாட்ச்மேன்கிட்ட பேசி நீ பாத்திருக்கியா?"

*

வாட்ச்மேன் திம்மராயன் தன் கூண்டில் உட்கார்ந்து லாரி நம்பர் எழுதிக்கொண்டிருந்தார். பக்கத்தில் டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர் ஒன்று, ஓரத்தில் ஓட்டை போட்ட தொடர்தாளை மடித்து விழுங்கியபடி நின்றது. கேட் பாஸ் அடிக்க வைத்தது.

"திம்மராயண்ணா, செவ்வாக்கிழமை இந்த மெஷின்ல ஒரு லிஸ்ட் வந்துதுங்களா?" என்றாள் ஜோதியம்மாள்.

"வந்துதும்மா."

"அதை யாரு எடுத்துட்டுப் போனாங்க?"

"யாரும் எடுக்கலீங்க. நான்தான் ஒட்னேன்."

சம்பங்கியின் கையிலிருந்த ஏழு பக்கமும் கீழே விழுந்தன.

"நீங்க ஒட்டினீங்களா?"

"ஆமா. பேரு போட்டு லிஸ்ட் வந்தா போர்டுல ஒட்டணும்னு ஆர்டர். ஓவர்டைம் லிஸ்ட், அதான் ஓ.டி. லிஸ்ட் வரும், பஸ் லிஸ்ட் வரும், எல்லாம் நான்தான் ஒட்றது. பதிமூணு வருஷமா ஒட்றேன். எப்பவும் ஒரு காப்பி வரும், கேட் போர்டுல ஒட்டுவேன். அன்னிக்கு நாலு வந்துது. நாலு போர்டு இருக்குது. சரியாத்தானே இருக்குதுன்னு கோந்தை எடுத்துக்கிட்டுப் போயி நாலுலயும் ஒட்டிட்டு வந்தேன்."

"மேல இங்கிலீஷ்ல என்ன எழுதியிருந்துதுன்னு பாக்கலியா?"

"தெலுங்கு படிப்பேன், தமிழும் கொஞ்சம் படிப்பேன். இங்கிலீஷ்ல பேரு மட்டும் கூட்டிக் கூட்டிப் படிப்பேன். தீபாவளி ஓ.டி. லிஸ்ட்டுன்னு நெனச்சேன். கங்கப்பன்கிட்ட 'உனக்கு ஓ.டி. வந்திருக்குதுடா'ன்னு நான்தான் ஓடிப் போய்ச் சொன்னேன்." பேனாவைக் கீழே வைத்தார். "இதை யாருகிட்ட சொல்றது? என்னை யாருமே கேக்கலீங்க."

"அந்த லிஸ்ட்டுக்கு அப்பறம் வேற ஏதாவது வந்துதாண்ணா? பதினொன்னே கால், பதினொன்னரைக்குள்ள?"

"வந்துதே. அதுல பேரு இல்ல, பத்தி பத்தியா இருந்துது. போர்டுக்கு ஆவாது. பின்பக்கம் காலியா இருந்துதுன்னு லாரி நம்பர் எழுதறேன்."

தன் முன்னாலிருந்த தாளைத் திருப்பிக் காட்டினார். ஜோதியம்மாள் படித்தாள். படிக்கப் படிக்க, இரண்டு வருஷத்தில் சம்பங்கி ஒரு தடவைகூடப் பார்த்திராத ஒன்று நடந்தது. அவள் சிரித்தாள்.

*

நாலு மணி. ஆறு நாற்காலிகளில் ஐந்து நிரம்பியிருந்தன. இந்தத் தடவை ஜோதியம்மாள் கேட்காமலே ஆறாவதில் உட்கார்ந்துகொண்டாள். கிருஷ்ணகிரி வக்கீல் பேனா மூடியைக் கழற்றினார்.

"கையெழுத்து?" என்றார் நாராயணப்பன்.

"போடறேன் சார். அதுக்கு முன்னாடி எக்ஸ்சேஞ்ச் கதை ஒண்ணு. டிரங்க் கால் புக் பண்றவங்கள்ல ரெண்டு ஜாதி. தப்பு பண்றவன் ஒரே ஒரு தடவை புக் பண்ணிட்டு, பூனை மாதிரி காத்துக்கிட்டிருப்பான். மறுபடி கூப்பிட்டா ஆபரேட்டருக்கு ஞாபகம் நின்னுடுமேன்னு பயம். பெரிய ஆபீசர் அப்படி இல்ல. கால் வர ரெண்டு நிமிஷம் ஆனா, மறுபடி புக் பண்ணுவாரு. மறுபடி. மறுபடி. நாலு தடவை புக் பண்ணினவரு ஒருத்தராவது திருடனா இருந்து நான் பாத்ததில்ல."

"இதுக்கும் இங்கே நடக்கறதுக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்றார் வக்கீல்.

"பதினொண்ணு பன்னண்டு, பதிமூணு, பதினாலு, பதினாறு. காப்பி வேணும்னு அடிச்சதில்ல இது. வரலியேன்னு அடிச்சது. அடிச்சவரு தன் பக்கத்துல இருக்கற பிரின்டரையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாரு. பேப்பர் கேட்ல வந்துக்கிட்டிருந்துது."

கோவிந்தன் எழுந்தார். சம்பங்கி அவர் தோளில் கை வைத்து அன்பாக உட்கார வைத்தான். "இருங்க சார், உங்க பேருதான் அடுத்தது."

"கோவிந்தன் சார், பத்து நாப்பத்தேழுக்கு ஜி.எம். பிரின்டர்ல என்ன மாத்தினீங்க?"

கோவிந்தன் ஜி.எம்.மைப் பார்த்தார். ஜி.எம். சுவரில் தொங்கிய தன் படத்தைப் பார்த்தார்.

"மறைச்சேன்" என்றார் கோவிந்தன் மெல்ல. "திங்கக்கிழமை ஸ்டோர்ஸ் ஆளு அடிச்ச சாக்கு லிஸ்ட் தப்பா சார் ரூம்ல வந்துடுச்சி. என் பிரின்டர் கண்டவன் கண்ணுலயும் படக் கூடாதுன்னு சார் திட்டினாரு. அதனால நெட்வொர்க்ல யாரு தேடினாலும் தெரியாத மாதிரி செட் பண்ணினேன்."

"யாரு தேடினாலும்னா?"

"...யாரு தேடினாலும்."

"ஜி.எம். தேடினாலும்" என்றான் சம்பங்கி. "கௌரவம் ஜாஸ்தியாகி அவருக்கே தெரியாம போச்சு."

"அவரு அச்சடிக்கப் போனா, பழைய பிரின்டர் இல்ல, வேற எது வேணும்னு மெஷின் கேட்டிருக்கும்" என்றாள் ஜோதியம்மாள். "மெஷின் காட்டின வரிசையில முதல்ல நின்னது கேட். படிச்சுப் பாக்கறது டைப்பிஸ்ட் வேலைன்னு சார் ஓகேயை அமுக்கிட்டாரு. நாலு தடவை. அப்பறம் போன் பண்ணிக் கத்தியிருக்காரு. பதினொன்னு முப்பத்தஞ்சுக்கு நீங்க வந்து பழையபடி மாத்தினீங்க. பதிவுல ரெண்டு தடவையும் உங்க பேரு இருக்குது. அதனாலதான் ஒரு பக்கம் மட்டும் காட்டினீங்க."

"இதெல்லாம் கற்பனை" என்றார் நாராயணப்பன். அறை அதிர்ந்தது. "அந்தப் பொண்ணு என் மெஷின்ல உக்காந்து அடிச்சிருக்கலாம். நான்தான்னு என்ன ப்ரூஃப்?"

ஜோதியம்மாள் ஓரத்தில் ஓட்டை போட்ட தாளை மேஜையில் வைத்தாள். "பதிவுப்படி, பட்டியலுக்கு நாலு நிமிஷம் கழிச்சு அதே மாதிரி வழி தப்பி அதே கேட்டுக்கு வந்தது. நீங்க யாருக்கும் காட்டாம எழுதின ரோட்டரி பேச்சு. கீழ உங்க பேரும் பட்டமும் பதினோரு நாள் அமெரிக்காவும் இருக்குது. இதையும் முனிலட்சுமிதான் திருடினாங்கன்னா, சொல்லுங்க சார், அப்படியே எழுதி கையெழுத்து போடறேன்."

வக்கீல் தாளை வாங்கினார். இங்கிலீஷில் இருந்ததை மனதுக்குள் படித்து, ஒரு வரியில் நின்று, தமிழில் உரக்கச் சொன்னார். "என் தொழிலாளி ஒவ்வொருவரும் என் குடும்பத்தில் ஒருவர். குடும்பத்தில் யாரையும் நான் கணக்குப் பார்ப்பதில்லை."

கேட்டிலிருந்து கோஷம் கேட்டது. வக்கீல் பேனாவை மூடினார். "இதை வெச்சு டிஸ்மிஸ் எழுதினா, லேபர் கோர்ட்ல என்னையும் சேத்துச் சிரிப்பாங்க சார். சஸ்பென்ஷனை வாபஸ் வாங்கிடுங்க."

நாராயணப்பன் மேஜையைப் பார்த்துச் சொன்னார். "சரி. திங்கக்கிழமை வரச் சொல்லுங்க."

சுவரோரம் நின்றிருந்த முனிலட்சுமி அப்போதுதான் வாய் திறந்தாள். "என்னை வேண்டாம்னது எழுத்துல வந்துது சார். வேணும்ங்கறதும் எழுத்துல வரட்டும். இப்பவே."

"சரி, டைப் பண்ணு."

"கம்பெனி மெஷின் எதையும் தொடக் கூடாதுன்னு ஆர்டர்ல இருக்குதே சார்."

ஜி.எம். கோவிந்தனைப் பார்த்தார். "அவரு அடிச்சா அவரு பேருல பதிவாகும் சார். ஆர்டர் உங்களுது" என்றாள் ஜோதியம்மாள்.

கோவிந்தன் நாராயணப்பனின் பெயரில் ஒரு கணக்கு திறந்து கொடுத்தார். பாஸ்வேர்டை ஜி.எம். மூன்று தடவை தப்பாக அடித்தார். பிறகு ஒற்றை விரலால், எழுத்து எழுத்தாகத் தேடி, நாலு வரி. இருபத்தைந்து நிமிஷம். சம்பங்கி அதற்குள் அவருடைய காபியைக் குடித்து முடித்திருந்தான்.

தாள் வந்தது. கையெழுத்தானது. முனிலட்சுமி முதலிலிருந்து கடைசி வரை படித்தாள். மடித்து டிபன் டப்பாவின் அடியில் வைத்துக்கொண்டு கதவைப் பார்த்து நடந்தாள்.

"உன் சீட்டு அந்தப் பக்கம்" என்றார் நாராயணப்பன்.

"தெரியும் சார். என் அண்ணன் கேட்டுக்கு வெளியில உக்காந்திருக்காரு. மூணு நாளா அவங்களோட என்னால உக்கார முடியல. சஸ்பெண்ட் ஆனவ எப்படி ஸ்டிரைக் பண்றது?" அவள் கதவைத் திறந்தாள். கோஷம் உள்ளே வந்தது. "இப்ப பண்ணலாம்."